பெற்றோலுக்குப் படி உண்டு, மிதிப்பவருக்கு ஏன் இல்லை?

மருதானைச் சந்தியை நடுவாக வைத்து இரண்டு, மூன்று கிலோமீற்றருக்கு ஒரு வட்டம் போட்டால், இலங்கை அரசாங்கத்தின் கணிசமான பகுதி அதற்குள் வந்துவிடும். ஒல்கொட் மாவத்தையில் புகையிரதத் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கிறது. முன்பு டீன்ஸ் வீதி எனப்பட்ட வீதியில் சுகாதார அமைச்சின் சுவசிரிபாய. கூப்பிடு தூரத்தில் தேசிய வைத்தியசாலை. டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் தபால் தலைமையகம். இன்னும் கொஞ்சம் தள்ளினால் கொம்பனித்தெருப் பக்கம் உள்நாட்டு இறைவரித் திணைக்களம், நகர மண்டபத்தில் கொழும்பு மாநகர சபை, கோட்டைப் பக்கம் திறைசேரி. இந்த இடங்களுக்கிடையே அலுவலக நேரம் முழுக்க ஆட்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு கூட்டத்தில் போய் உட்கார வேண்டும், ஒரு கட்டடத்தைப் பார்வையிட வேண்டும். அதற்காக வாகனப் பிரிவுக்கு எழுதுகிறார்கள், சாரதி வருகிறார், வான் புறப்படுகிறது. தொழில்நுட்பக் கல்லூரிச் சந்தியில் பஞ்சிகாவத்தைப் பக்கமிருந்து வரும் லொறிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் அது நிற்கிறது. போய்ச் சேர்ந்ததும் தரிப்பிடம் தேடி இன்னொரு சுற்று சுற்றுகிறது. உள்ளே வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது, சாரதியோ குளிரூட்டியைப் போட்டபடி அரை மணி நேரம் வெளியே காத்திருக்கிறார். நெரிசல் வேளையில் கொழும்பின் பல முதன்மை வீதிகளில் வாகனங்கள் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில்தான் ஊர்கின்றன. அவசரமில்லாமல் மிதிக்கும் ஒருவர் அதே தூரத்தை அதைவிடச் சற்று விரைவாகவே கடந்துவிடுவார்.

அரச ஊழியர்கள் கடமை நேரப் பயணங்களுக்கும், முடிந்தால் வீட்டிலிருந்து வேலைக்கு வருவதற்கும், சைக்கிளைப் பயன்படுத்த வேண்டும் என்று அவ்வப்போது அறிவுரை சொல்லப்படுகிறது. அந்த அறிவுரையில் பிழையில்லை. ஆனால் அறிவுரை சொல்லும் அதே அரசு, தன் பணத்தை எதற்குக் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். உயர் அதிகாரி ஒருவருக்கு உத்தியோகபூர்வ வாகனம், சாரதி, மாதாந்த எரிபொருள் ஒதுக்கீடு ஆகியவை உரிமையாகவே கிடைக்கின்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்படும்வரை, தீர்வைச் சலுகையில் கார் வாங்கும் அனுமதிப்பத்திரம் சேவைக்காலத்தின் பெரிய பரிசாகக் கருதப்பட்டது. அதற்குக் கீழுள்ளவர்களுக்குப் புகையிரத ஆணைச்சீட்டும் சலுகை விலையில் பருவச்சீட்டும் உண்டு. காரில் போனவருக்கும் ரயிலில் போனவருக்கும் அரசின் பேரேட்டில் ஒரு வரி இருக்கிறது. தன் காலால் மிதித்து, ஒரு துளி பெற்றோலும் செலவழிக்காமல் அரச வேலையை முடித்துவிட்டு வந்தவருக்குச் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. மாற வேண்டியது இந்த ஏற்பாடுதான். ஊழியரின் மனத்தை மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இந்த நாடு சைக்கிளை இருமுறை பெரிய அளவில் பயன்படுத்திப் பார்த்து, இருமுறையும் கைவிட்டிருப்பதுதான். முதல் முறை வடக்கில். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடை வந்தது. குடாநாட்டுக்குப் பெற்றோல் போகவில்லை. கிடைத்த மோட்டார் சைக்கிள்களும் கார்களும் தொடக்கத்துக்கு மட்டும் சில துளி பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் ஓடின, மற்ற எல்லாமே சைக்கிளில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளும் கச்சேரியும் வைத்தியசாலையும் அந்த ஆண்டுகளிலும் இயங்கின. ஆசிரியரும் எழுதுவினைஞரும் வைத்தியரும் றலி சைக்கிளிலோ லுமாலா சைக்கிளிலோ வந்து கையெழுத்து வைத்தார்கள். சேலையுடுத்த ஆசிரியைகள் கைப்பிடியில் குடையைக் கொழுவிக்கொண்டு காலையில் வரிசையாகப் போவது அன்று யாருக்கும் புதினமாக இருக்கவில்லை. 2002இல் யுத்த நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்தது, பெற்றோல் வந்தது. 2009க்குப் பின் தவணைக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கும் நிறுவனங்களும் வந்தன. பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு சமூகத்தின் கால்களில் ஊறியிருந்த பழக்கம் அதற்கு முன்னால் நிற்கவில்லை.

இரண்டாம் முறை முழு நாட்டுக்கும் வந்தது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், ஜூன் மாத முடிவில் 470 ரூபா ஆனது. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது. அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள், வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். கொழும்பில் சைக்கிள் கடைகளின் முன் கூட்டம் சேர்ந்தது, விலை மளமளவென ஏறியது, பல ஆண்டுகளாகக் கொட்டிலில் கிடந்த வண்டிகள் திருத்துபவரிடம் போயின. பிறகு கியூஆர் முறை வந்தது. காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்ற அளவில் தொடங்கிய அந்தப் பங்கீடு படிப்படியாகக் கூட்டப்பட்டு, 2023 செப்டெம்பரில் அடியோடு எடுக்கப்பட்டது. எரிபொருள் வரிசை மறைந்தது, சைக்கிளும் மறைந்தது. தட்டுப்பாடு ஒருவரைச் சைக்கிளில் ஏற்றும், ஆனால் தட்டுப்பாடு நீங்கியபின் அவரை அதில் இருத்திவைக்காது என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனையை யாரும் நடத்திப் பார்க்க முடியாது. சைக்கிளில் வந்தவருக்கு நிழலான தரிப்பிடமோ, தனி ஒழுங்கையோ, சம்பளப் பட்டியலில் ஒரு சிறு தொகையோ அந்த 14 மாதத்தில் ஏற்படுத்திக் கொடுத்திருந்தால், அவர்களில் ஒரு பகுதியினராவது தொடர்ந்திருப்பார்கள்.

சைக்கிள் ஓடும் ஊழியருக்கு அரசு பணம் கொடுப்பது புதிய யோசனையுமல்ல. இடர் கடன், பண்டிகை முற்பணம் ஆகியவற்றோடு துவிச்சக்கரவண்டிக் கடனும் எங்கள் அரச ஊழியருக்குரிய கடன் வகைகளில் ஒன்றாக இருந்துவந்திருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்குச் சைக்கிள் முற்பணம் பல பத்தாண்டுகள் கிடைத்தது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின்னரே அது நிறுத்தப்பட்டது. அதே குழு சைக்கிள் பராமரிப்புப் படியையும் எடுத்துவிடச் சொன்னபோது, 2017இல் இந்திய அமைச்சரவை அதை முழுதாக ஏற்கவில்லை. அஞ்சல் துறையினருக்கும் ரயில் பாதை பராமரிப்பவர்களுக்கும் படியை நிறுத்தாமல், மாதம் 90 ரூபாவிலிருந்து 180 ரூபாவாக உயர்த்தியது. தொகை சிறிதுதான். ஆனாலும் அரச வேலைக்காக மிதிக்கும் உழைப்புக்கு அரசு கடமைப்பட்டிருக்கிறது என்ற கொள்கையை அது காப்பாற்றியது. அந்தக் கொள்கை தபால்காரரோடு நின்றுவிட்டதுதான் குறை. மேலே உள்ளவருக்கு வாகனம், கீழே உள்ளவருக்குச் சைக்கிள் என்று ஏணி கட்டிவிட்டால், பதவி உயர்வு என்றாலே சைக்கிளிலிருந்து இறங்குவது என்று ஆகிவிடுகிறது.

வெளியே பார்த்தால், இதை நேரடியாகச் சட்டமாக்கிய நாடு கொலம்பியா. அங்கே 2016இல் இயற்றப்பட்ட 1811ஆம் இலக்கச் சட்டம், சைக்கிளில் வேலைக்கு வந்ததை 30 தடவை உறுதிப்படுத்தும் அரச ஊழியருக்குச் சம்பளத்தோடு அரை நாள் விடுமுறை கொடுக்கிறது. ஆண்டுக்கு எட்டு அரை நாள்கள் வரை இப்படிப் பெறலாம். இலங்கை அரச ஊழியருக்கு லீவின் அருமை தெரியும். திறைசேரியிலிருந்து ஒரு ரூபாவும் வெளியே போகாத இந்த ஊக்குவிப்பு, எங்கள் அலுவலகப் பண்பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். பிரான்ஸ் இன்னொரு வழியில் போனது. 2020 முதல் அங்கே அரச பணியாளர் சைக்கிளில் அல்லது பிறரோடு காரைப் பகிர்ந்து வேலைக்கு வந்தால் ஆண்டுக்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள். 200 யூரோவில் தொடங்கியது, 2022இல் 300 யூரோ வரை உயர்ந்தது. எத்தனை நாள் வந்தார் என்பதற்கு அவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வாக்குமூலமே அடிப்படை. அயலில் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 இறுதியில் புதன்கிழமைகளில் தன் ஊழியர்கள் சொந்த வாகனத்தை விட்டுவிட்டுப் பொதுப் போக்குவரத்திலோ சைக்கிளிலோ நடந்தோ வர வேண்டும் என்று சொன்னது. மாசைக் கட்டுப்படுத்தும் அலுவலகம் தன்னிடமிருந்து தொடங்கியது பாராட்ட வேண்டியதே. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு அடையாளம் காட்டுவதற்கும், படியையும் லீவையும் மாற்றி எழுதுவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. இலங்கைக்கு வேண்டியது இரண்டாவது.

இதனால் எவ்வளவு மிச்சம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் எரிபொருள் இறக்குமதிக்கு நாடு ஆண்டுதோறும் 400 கோடி டொலருக்கு மேல் செலவழித்தது. மருதானையிலிருந்து கோட்டைக்குப் போய்வரும் அலுவலக வான் எரிப்பது அந்தக் கடலில் ஒரு சொட்டு. நகர நெரிசலில் லீற்றருக்கு எட்டுப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வாகனம் இப்படி ஒரு தடவை போய்வர அரை லீற்றர் அளவில் குடிக்கும். 2025இன் விலையில் அது 150 ரூபா. ஆனால் அந்தப் பயணத்தின் உண்மையான செலவு பெற்றோலோடு முடிவதில்லை. வாகனத்தின் விலை, காப்புறுதி, திருத்தவேலை, சாரதியின் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு எல்லாம் அதில் ஏறுகின்றன. குறுந்தூரப் பயணங்களைச் சைக்கிளுக்கு மாற்றினால், ஒரு திணைக்களத்துக்குத் தேவையான வாகனங்களின் எண்ணிக்கையே குறையும். பெரிய மிச்சம் அங்கேதான். நோயாளர் காவு வண்டிக்கும் கள வேலைக்கும் வாகனம் போதவில்லை என்று சொல்லும் நாட்டில், கடிதம் கொண்டுபோகும் வேலையிலிருந்து ஒரு வானை விடுவிப்பது சின்ன விடயமல்ல. காரொன்று நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள் வரை நிற்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மருதானையில் நிலத்தின் பெறுமதி என்னவென்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று சுகாதார அமைச்சிடமே இருக்கிறது. இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்துக்கு எட்டு, இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் வருபவை. 2018, 2019இல் நாடளாவிய ரீதியில் நடந்த ஆய்வில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. கொழும்பு நகரத்தில் நிலைமை இன்னும் மோசம். காலை எட்டரைக்குக் கதிரையில் உட்கார்ந்து மாலை நாலேகாலுக்கு எழும்பும் உத்தியோகம் இந்த நோய்க்கு வசதியான இடம். மாத்திரையும் இன்சுலினும் இரத்தச் சுத்திகரிப்பும் அரச வைத்தியசாலையில் இலவசம், அதாவது அந்தச் செலவும் இதே திறைசேரியிலிருந்து போகிறது. பிரித்தானியாவில் 2,63,450 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடையே, காரிலும் பஸ்ஸிலும் போனவர்களைவிட, எந்தக் காரணத்தாலும் இறக்கும் அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் ஓடுபவர்கள் இயல்பாகவே ஆரோக்கியமானவர்களாக இருக்கலாமே என்று கேட்கலாம். புகைத்தல், உணவு, வயது முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகு கிடைத்த எண்தான் அது. வேறுபாட்டில் ஒரு பங்கு அந்தக் காரணத்தால் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் மிஞ்சுவது பெரிது. வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளவத்தையிலிருந்து வருபவருக்கு அது நீண்ட பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதி வழியாக மருதானைக்கு வருபவருக்குப் போக 15 நிமிடம், வர 15 நிமிடம். வாரத்தில் ஐந்து நாளும் வந்தால் அந்த 150 நிமிடம் வேலைக்கு வரும் வழியிலேயே கிடைத்துவிடுகிறது.

வெயிலும் வியர்வையும்தான் முதலில் வரும் ஆட்சேபம். கொழும்பின் ஈரக்காற்றில் பத்து நிமிடம் நடந்தாலே சட்டை முதுகோடு ஒட்டும் என்பது உண்மை. கோடையில் 40 பாகையைத் தொடும் ஸ்பெயின் நாட்டின் செவில்லை நகரம் இந்தக் காரணத்தால் சைக்கிளைக் கைவிடவில்லை. அங்கே 2006 முதல் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்குத் தனிச் சைக்கிள் பாதை அமைத்தார்கள், நாளொன்றுக்கு 6,000 அளவில் இருந்த பயணங்கள் 60,000ஐத் தாண்டின. ஆனால் செவில்லையின் வெப்பம் வறண்டது, எங்களுடையது ஈரமானது. ஆகவே அந்த உதாரணத்தை முழுதாக இங்கே ஒட்ட முடியாது. இங்கே வேண்டியது ஒரு குளியலறை, ஒரு அலுமாரி, மாற்றுச் சட்டை தொங்கவிட ஒரு இடம். பெரும்பாலான அரச அலுவலகங்களில் வெற்று அறையொன்றுக்குப் பஞ்சமில்லை, உடைந்த கதிரைகளும் பழைய கோப்புகளும் அடுக்கிய அறைகளே போதும். மழைக்கு வேறு பதில். ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் கொழும்பில் மழை கொட்டுகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வருகிறது. அந்த நாள்களில் பஸ்ஸில் வரலாம். ஆண்டு முழுவதும் எல்லா நாளும் மிதிக்க வேண்டும் என்று கொலம்பியச் சட்டம்கூடக் கேட்கவில்லை, முப்பது நாளைத்தான் எண்ணுகிறது.

பெண் ஊழியர்கள் எப்படி என்ற கேள்வியைக் கேட்பவர்கள் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையைப் பார்க்க வேண்டும். 1991, 1992இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்பித்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். வயல் வேலைக்குப் போனவர்கள், கல்குவாரியில் உழைத்தவர்கள், கிராமத் தாதியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் ஓடக் கற்றார்கள். 1992இன் மகளிர் தினத்தில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் ஊர்வலமாகச் சைக்கிளில் வந்தார்கள். அந்த வெற்றியில் கவனிக்க வேண்டியது பிரசங்கம் நடந்ததை அல்ல. பெண்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார்கள், கற்றுக்கொடுக்கப் பயிற்சியாளர்களை ஏற்பாடு செய்தார்கள். பெண்களுக்கான சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்களின் சைக்கிளையே வாங்கினார்கள், பிள்ளையை முன்சட்டத்தில் இருத்த அது வசதி என்று சிலர் அதையே விரும்பினார்கள். அரசு தன் பங்கைச் செய்தது, மீதியைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். இங்கேயும் 2022இல் போக்குவரத்து நெருக்கடியைக் காரணம் காட்டி அரச அலுவலகங்களில் உடை விதியைத் தளர்த்தினார்கள். சேலையோடும் ஓடலாம் என்பதை யாழ்ப்பாணத்து ஆசிரியைகள் காட்டியிருக்கிறார்கள், ஆனால் ஓட விரும்புபவர் வசதியான உடையில் வரும் உரிமையும் நிலையாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் உயிர் பற்றியது, அதை இலேசாகத் தட்டிவிட முடியாது. இந்த நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். மருதானையில் வீதியோரம் மிதிக்கும் ஒருவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் நடைபாதையின் விளிம்பு, அதை ஒட்டி நிறுத்திய முச்சக்கரவண்டிகள், அவற்றில் எதன் சாரதி எப்போது வெளியே காலை வைப்பார் என்று தெரியாது. நீளவாக்கில் கம்பி பதித்த வடிகால் மூடி ஒன்று போதும், மெல்லிய ரயரைக் கவ்விப் பிடித்து ஆளை விழுத்த. பின்னால் வரும் தனியார் பஸ் முந்திப் போய், தரிப்பிடத்தில் ஆளேற்ற உடனே இடப்பக்கம் வெட்டி நிற்கும். அப்போது சைக்கிளுக்கு இரண்டு வழிதான், பிரேக்கை இறுக்கிப் பிடித்துப் புகையைக் குடிப்பது, அல்லது வலப்பக்கம் வாகனங்களுக்கு நடுவே வெளியேறுவது. இந்த நிலையில் ஒரு ஊழியரைச் சைக்கிளில் போ என்று கட்டாயப்படுத்துவது குற்றம். ஆகவே எந்தத் திட்டமும் விருப்பத்தின் பேரிலானதாக இருக்க வேண்டும். சைக்கிளில் கடமைக்குப் போகும்போது விபத்து நேர்ந்தால், அலுவலக வாகனத்தில் போனவருக்குரிய அதே இழப்பீட்டு உரிமை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் வீதி பாதுகாப்பாகும்வரை பொறுத்திருப்போம் என்பவர்களோடு உடன்பட முடியாது. வீதியில் சைக்கிள் இல்லாவிட்டால் சைக்கிளுக்கு ஒழுங்கை அமைக்க எந்த அதிகாரியும் பணம் ஒதுக்க மாட்டார். கொழும்பின் போக்குவரத்தைத் தீர்க்க வந்த பெரிய திட்டங்களின் கதையையும் பார்த்துவிட்டோம். ஜப்பானின் கடனுதவியோடு மாலபேயிலிருந்து கோட்டைக்கு அமையவிருந்த இலகு ரயில் திட்டம் 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. அதன் செலவோடு ஒப்பிட்டால், செவில்லை தன் முழுச் சைக்கிள் வலையமைப்புக்கும் செலவழித்த 3.2 கோடி யூரோ மிகச் சிறியது. எங்களுக்கு 80 கிலோமீற்றரும் தொடக்கத்திலேயே வேண்டாம். வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டி, அங்கிருந்து காலிமுகத்திடலைத் தாண்டிக் கோட்டை, பேரை ஏரியோரமாக டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் மருதானை என ஒரு கோடு, கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொரு கோடு, இவ்வளவு போதும். வெறும் வெள்ளைக் கோடு போதாது, முச்சக்கரவண்டி ஏறி நிற்க முடியாதபடி தடுப்புக்கல் இருக்க வேண்டும். இந்த வீதியில் நாள்தோறும் திணைக்களப் பணிப்பாளர்களும் பொறியியலாளர்களும் மிதித்து வந்தால், வடிகால் மூடியின் கம்பியைக் குறுக்காகத் திருப்பிப் போடும் கடிதத்துக்கு ஆறு மாதம் எடுக்காது. அரச ஊழியரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு முதற்காரணம் இதுவே. வீதியைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர்கள் அந்த வீதியைச் சைக்கிள் இருக்கையிலிருந்து பார்க்க வேண்டும். புகையைப் பற்றிய அச்சத்துக்கும் பதில் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டபோது, டெல்லி போன்ற நகரத்தில்கூட வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் மாசின் தீமை உடற்பயிற்சியின் நன்மையை விஞ்சும் என்று தெரிந்தது. கொழும்பின் காற்று டெல்லியின் காற்றைவிட எவ்வளவோ மேல்.

கௌரவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே யாரும் சொல்லாத உண்மையான தடை அதுதான். பணிப்பாளர் ஒருவர் சைக்கிளில் வாசலில் வந்து இறங்கினால் காவலாளி எழும்பி நிற்பாரா என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. நெதர்லாந்தில் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் பிரதமராக இருந்த மார்க் ருட்டே சைக்கிளில் அலுவலகம் போனவர். 2024இல் பதவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறியதும் சைக்கிளில்தான். அவருடைய மதிப்பு அதனால் குறையவில்லை. இங்கேயும் காற்று மாறிவருகிறது. 2025இல் ஜனாதிபதி செயலகம் தன் சொகுசு வாகனங்களை ஏலத்தில் விட்டபோது மக்கள் அதை வரவேற்றார்கள். வாகனத்தின் நீளத்தை வைத்துப் பதவியை அளக்கும் பழக்கத்தில் பொதுமக்களுக்குப் பெரிய பற்று இல்லை. அது அலுவலகத்துக்குள்ளேதான் உயிரோடு இருக்கிறது, அலுவலகத்துக்குள்ளிருந்தே அதை எடுக்க முடியும்.

தூரத்திலிருந்து வருபவர்களைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். கம்பஹாவிலிருந்தும் களுத்துறையிலிருந்தும் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு வரும் எழுதுவினைஞரிடம் போய்ச் சைக்கிளின் பெருமையைப் பேசுவது நியாயமல்ல. அவர் ஏற்கனவே பொதுப் போக்குவரத்தில்தான் வருகிறார், நாட்டின் எரிபொருளைக் கரைப்பவர் அவரல்ல. அவருக்கு உதவக்கூடியது ஒன்று உண்டு. பிரதான பாதையும் கரையோரப் பாதையும் களனிவெளிப் பாதையும் மருதானையில் கூடுகின்றன. நிலையத்தின் அருகே அலுவலகங்களுக்குப் பொதுவான சைக்கிள்களைப் பூட்டி வைத்து, அடையாள அட்டையைக் காட்டி எடுக்கவும் மாலையில் திருப்பி வைக்கவும் வழி செய்தால், ரயிலிலிருந்து இறங்கிப் பொரளைக்கோ நகர மண்டபத்துக்கோ போக இன்னொரு பஸ்ஸுக்குக் காத்துநிற்க வேண்டியதில்லை. அதே சைக்கிள்கள் பகலில் அலுவலகப் பயணங்களுக்கும் உதவும். பொய்க் கணக்குக் காட்டிப் படி எடுப்பார்கள் என்ற சந்தேகத்துக்கு, கைவிரல் அடையாள இயந்திரம் உள்ள நாட்டில் அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரான்ஸ் கையெழுத்தை நம்புகிறது. இங்கே சைக்கிள் தரிப்பிடத்தில் ஒரு பதிவேடு வைத்தால் போதும். எரிபொருள் ஒதுக்கீட்டில் நடக்கும் முறைகேட்டைவிடச் சைக்கிள் படியில் நடக்கக்கூடியது எந்தக் காலத்திலும் சிறிதாகவே இருக்கும்.

ஆகவே பொது நிர்வாக அமைச்சிடம் கேட்பது ஒரு சுற்றறிக்கை. மூன்று கிலோமீற்றருக்குட்பட்ட கடமைப் பயணத்துக்கு வாகனம் கேட்டால் காரணம் எழுத வேண்டும் என்று அதில் இருக்கட்டும். முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் கர்ப்பிணிக்கும் பாரம் கொண்டுபோவோருக்கும் விலக்கு இருக்கட்டும். சைக்கிளில் போகும் கடமைப் பயணத்துக்குக் கிலோமீற்றர் கணக்கில் படி, 30 நாள் சைக்கிளில் வேலைக்கு வந்தவருக்கு அரை நாள் லீவு, இன்றைய விலைக்கு ஏற்ற துவிச்சக்கரவண்டிக் கடன், விபத்துக்கு முழு இழப்பீடு, ஒவ்வொரு அலுவலகத்திலும் நிழலான தரிப்பிடமும் உடை மாற்ற ஒரு அறையும் வேண்டும். உத்தியோகபூர்வ வாகனத்தை விட்டுக்கொடுக்கும் அதிகாரிக்கு அதன் எரிபொருள் ஒதுக்கீட்டில் ஒரு பங்கைப் பணமாகக் கொடுக்கலாம், மீதி திறைசேரிக்கு மிச்சம். தொற்றா நோயைத் தடுக்க மக்களுக்கு உடற்பயிற்சி சொல்லும் அமைச்சின் தலைமையகம் மருதானையிலேயே இருக்கிறது. சுவசிரிபாயவும் தேசிய வைத்தியசாலையின் நிர்வாகப் பிரிவும் முதல் ஆறு மாதத்துக்கு இதை நடத்திக் காட்டட்டும். எத்தனை வாகனப் பயணம் குறைந்தது, எத்தனை லீற்றர் மிஞ்சியது, எத்தனை ஊழியர் தொடர்ந்து மிதிக்கிறார்கள் என்ற மூன்று எண்ணையும் பொதுமக்களுக்கு வெளியிடட்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டம் அந்த எண்களைப் பார்த்து மற்ற அமைச்சுகளைப் பற்றி முடிவெடுக்கலாம்.